எக்செல் துரை

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு வருட வேலையாகச் சென்னைக்கு அருகே ஒரகடத்துக்கு வரப்போகிற ஜெர்மன் இன்ஜினீயரை விமானம் ஏறுவதற்கு ஆறு மாதம் முன்பே அடையாளம் கண்டுவிடலாம். அவருடைய லேப்டாப்பில் 'இந்தியா' என்றொரு எக்செல் கோப்பு முளைத்திருக்கும். உள்ளே தடுப்பூசி, மருந்து, மின்சாரம், குடிநீர் என்று பக்கம் பக்கமாகப் போகும். பாம்புக்குத் தனிப் பக்கம்.

ஊசியில் மனிதர் குறை வைக்கமாட்டார். டைபாய்டுக்கு, மஞ்சள் காமாலைக்கு, நாய் கடிக்கும் முன்பே நாய்க்கடிக்கு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி இரண்டு தவணை, நடுவே 28 நாள் இடைவெளி. அந்தக் கணக்கு இடிக்கிறதென்று கல்யாண நாள் விருந்தையே தள்ளிவைப்பார்.

அடுத்து, இரண்டு கிலோ எடையில் ஒரு மின்னழுத்த மாற்றி. ஜெர்மனியிலும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட். அது அவருக்குத் தெரியாததல்ல, எக்செல்லிலேயே இருக்கிறது. ஆனால் இந்திய 230 முழுதாக 230தானா என்றொரு சந்தேகம். (ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்டெபிலைசர் வைத்திருக்கும் நாம் இதற்குச் சிரிக்கக் கூடாது.) வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் வழி தப்பினால் உதவட்டுமென்று, மலையேறிகள் வைத்திருக்கும் சாட்டிலைட் கருவி ஒன்றும் பெட்டிக்குள் ஏறும். அனுமதியில்லாமல் அதைக் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே பிடித்து உட்கார வைப்பார்கள் என்று யாராவது சொன்ன பிறகு, மனமில்லாமல் இறங்கும்.

விசா விண்ணப்பம் அவருக்குப் பிடித்த பகுதி. கட்டம் கட்டமாகக் கேள்வி கேட்டால் யாருக்குத்தான் பிடிக்காது? உடம்பில் அடையாளம் என்ன என்ற இடத்தில் கண்ணாடி முன் நின்று மச்சம் தேடுவார். தாத்தா பாட்டி பாகிஸ்தானியரா என்ற கேள்வியில் கை நின்றுவிடும். தாத்தா பக்கத்து ஊர்ச் சந்தையைத் தாண்டாதவர். இருந்தாலும் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்வார்.

இந்தியாவில் ஜூனில் பருவமழை என்று புத்தகம் சொல்கிறது. ஆகவே ஜூனில், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸுடன் மீனம்பாக்கத்தில் இறங்குவார். வெளியே கத்திரி முடிந்தும் காய்ந்துகொண்டிருக்கும் வெயில். நம் ஊர் மழை ஐப்பசியில் வந்து சேரும்போது பூட்ஸ் டிரைவர் வீட்டில் இருக்கும்.

இதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஊர் ராசி அப்படி. ஸ்டுட்கார்ட்டில் 1814-இல் பிறந்த பாதிரியார் ஹெர்மன் குண்டர்ட், 1836-இல் கல்கத்தாவுக்குப் போகிறோம் என்று நம்பி வங்க மொழி படித்துக்கொண்டே கப்பலில் வந்தார். கூட வந்தவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். கப்பல் சென்னையோடு நின்றுவிட்டது. வங்க மொழியைச் சுருட்டி வைத்துவிட்டுத் தமிழ் படிக்க ஆரம்பித்தார். பிறகு தலச்சேரிக்குப் போய், 1872-இல் மலையாள அகராதியே போட்டார். அவர் மகள் வயிற்றுப் பேரன் ஹெர்மன் ஹெஸ்ஸே 1911-இல் இந்தியப் பயணம் என்று கிளம்பி, இலங்கை, சுமத்ரா பார்த்துவிட்டு இந்தியாவில் கால் வைக்காமலே ஊர் திரும்பினார். அதற்கப்புறம் எழுதியதுதான் 'சித்தார்த்தா' நாவல். நம் துரையின் கைப்பையில் சகாக்கள் அன்பளிப்பாகக் கொடுத்த பிரதிகள் மூன்று உண்டு.

துரையும் வரும் முன் இந்தி படித்தார். சென்னையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரகடத்து டீக்கடையில் பீகார், ஒடிசா பையன்களோடு அவர் அரட்டையடிக்கிறார். கூட வந்த தமிழ் சூப்பர்வைசர்தான் பேந்தப் பேந்த விழிக்கிறார்.

எக்செல் தடுக்கி விழுந்தது வீடு பார்க்கப் போன இடத்தில். பெருங்களத்தூரில் ரிட்டயர்டு வீட்டுக்காரர் ஒருவர். அவர் கேட்கிற கேள்விக்கு முன்னால் விசா விண்ணப்பம் குழந்தை. "சார் நான்வெஜ் சமைப்பாரா? சம்சாரம் வருவாங்களா? ராத்திரி கேட் பத்து மணிக்குப் பூட்டிருவேன், சொல்லிடுங்க." புரோக்கர் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, துரை பொறுமையாகப் பதில் தந்தார். "அட்வான்ஸ் பத்து மாசம்" என்றதும் லேப்டாப்பைத் திறந்து, வாடகைக் கட்டத்தில் தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று பார்த்தார்.

பிறகு துரையின் முறை. 180 நாளுக்கு மேல் விசா என்பதால், வந்த 14 நாளுக்குள் குடியேற்ற அதிகாரிகளிடம் பதிய வேண்டும். அதற்கு முன், வெளிநாட்டுக்காரர் குடிவந்ததை வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் படிவம் போட்டுத் தெரிவிக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையிலிருந்து வண்ணக் கொடியிட்ட விளக்கத் தாளை எடுத்து மரியாதையாக நீட்டினார்.

வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலும் கீழும் படித்து, மடித்துப் புரோக்கர் கையில் வைத்தார்.

"தம்பி, நான் வீட்டை வாடகைக்கு விடறேன். ஆளுக்கு ஜாமீனெல்லாம் போட முடியாது."