ஊர் பாக்கிற ரயரை நீயும் ஒருக்காப் பார்

வா தம்பி, வா. படலைக்கு உன்ரை ஜீப் வர முதலே ரயர்ச் சத்தம் வந்திட்டுது. சங்கானைச் சந்தியிலை நிண்ட சனமும் திரும்பிப் பாத்திருக்கும். வடிவாய்த்தான் இருக்கு. இவ்வளவு பெரிய பல்லு வைச்ச சேத்து ரயர் சண்டிலிப்பாய்க்கு என்னத்துக்கு எண்டு நான் கேக்கமாட்டன். எங்கடை பக்கத்திலை மலை எண்டு பேர் வைச்சது கீரிமலை. அதிலையும் சனம் ஏறுறேல்லை, இறங்கிக் குளிக்குது.

ஊர் பாக்க வேணும் எண்டு வாங்கினாய், ஊர் பாத்திட்டுது. நீ எப்ப பாக்கப்போறாய்? முன்னாலை இடப்பக்கச் சில்லுக்குக் கிட்டக் குனி. இன்னும் குனி, காற்சட்டை கசங்கினால் கசங்கட்டும். பல்லுக்கும் றிம்முக்கும் நடுவிலை, எழுத்துக்குப் பக்கத்திலை விரலாலை தடவு. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வீக்கம் தட்டுப்படுதே? காத்து நல்லாய் நிக்கிற அடையாளம் எண்டு உன்ரை சிநேகிதன் சொன்னவனோ? அவன் வைத்தியம் படிக்காமல் விட்டது ஊர் செய்த புண்ணியம்.

உருக்குக் கம்பிப் பட்டி ஓடுறது மிதிக்கிற பக்கத்துக்குக் கீழை. விலாப்பக்கத்திலை அது இல்லை. ஒரு விளிம்பிலையிருந்து மற்ற விளிம்புக்குப் போற நூலும், அதுக்கு மேலாலை றப்பரும்தான். கார்த்திகை மழையிலை தண்ணி நிண்ட கிடங்கு எவ்வளவு ஆழம் எண்டு தெரியாமல் 60இலை விட்டிருப்பாய். எங்கடை மண்ணுக்குக் கீழை சுண்ணக்கல்லெல்லே. தார் பேந்த இடத்திலை கல்லு விளிம்பு சும்மா விடாது. றிம்முக்கும் கல்லுக்கும் இடையிலை ரயர் நசிய, உள்ளுக்கு நூல் அறும். வெளியிலை ஒரு கீறலும் தெரியாது. நூல் அறுந்த இடத்தைக் காத்துத் தள்ளும். நீ தடவினது அதைத்தான்.

அதுக்காக உள்ளுக்குப் பதிஞ்ச கோட்டைக் கண்டும் ஓடாதை. ரேடியல் ரயரிலை நூல்படலத்தின்ரை இரண்டு முனையும் ஒண்டுக்கு மேலை ஒண்டு ஏறின இடம் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். அது பிறந்தபோதே வந்தது, ஒண்டும் செய்யாது. வெளியிலை தள்ளினதுதான் ஆளைக் கொல்லும்.

ஒட்டுப் போடலாமோ எண்டு கேக்கிறாய். மிதிக்கிற பக்கத்திலை ஆணி ஏறி, ஓட்டையும் 6 மில்லிமீற்றருக்கு மேலை போகாட்டில், ரயரைக் கழட்டி உள்ளாலை ஒட்டலாம். விலா ஒவ்வொரு சுத்துக்கும் மடிஞ்சு நிமிருது, அதிலை ஒட்டு நிக்காது. தொண்ணூறுகளிலை பெற்றோல் இல்லாமல் ஒஸ்ரின் காரை மண்ணெண்ணெயிலை ஓட்டின ஊர்தான் இது, நானும் மறக்கேல்லை. ஆனால் அந்தக் கார் ஒண்டும் உன்னைமாதிரி 100இலை பறக்கேல்லை.

சவாரி மாடு வாங்கிறவன் கொம்பைப் பாத்து விலை பேசமாட்டான், விலாவைத் தடவிப் பாப்பான். கிழவன் ரயரிலையும் மாடு பாக்கிறான் எண்டு சிரிக்கிறியோ? 1888இலை பெல்பாஸ்ட்டிலை காத்தடைச்ச ரயருக்கு உரிமை எடுத்த டன்லப் ஒரு மிருக வைத்தியன். மகன்ரை மூண்டு சில்லுச் சைக்கிளுக்குத்தான் முதல் செய்து பாத்தவன்.

அந்த விலாவிலை எழுதியிருக்கிறது விளம்பரம் எண்டு நினைச்சியே? 265/65 ஆர் 17, 112 எஸ் எண்டு இருந்தால், அகலம் 265 மில்லிமீற்றர், விலா உயரம் அதிலை 65 வீதம், றிம் 17 அங்குலம். 112 எண்ட இலக்கத்துக்கு ஒரு ரயர் 1,120 கிலோ தாங்கும். எஸ் எண்டால் மணிக்கு 180 கிலோமீற்றர் வரை தாக்குப் பிடிக்கும். அதை ஆசையாய்ப் பாக்காதை, அடுத்ததைப் பார். டொட் எண்ட எழுத்துக்குப் பின்னாலை கடைசி நாலு இலக்கம் 2316 எண்டால், 2016ஆம் ஆண்டு 23ஆம் கிழமை பிறந்த ரயர். உனக்குப் பொம்பிளை பாக்கேக்கை குறிப்புக் கேட்ட வீடு, ரயர் வாங்கேக்கை கேக்கேல்லை. புதுசு எண்டு வித்தவனும் பொய் சொல்லேல்லைத்தான், ஓடாத ரயர் புதுசுதானே. ஆனால் கடையிலை சும்மா கிடந்தாலும் றப்பருக்கு வயசு போகும்.

இனி உன்ரை நடுக்கத்துக்கு வருவம். ஆனையிறவு தாண்டி 80, 90 வர ஆடத் தொடங்குது, 110இலை நிக்குது எண்டாய். ஆட்டம் நிக்கவெண்டே 110இலை ஓடுறாய்போலை. 70க்கு மேலை ஓடக்கூடாத றோட்டு எண்டதை நான் பொலிசுக்குச் சொல்லமாட்டன். முதல் எது ஆடுது எண்டு பிடி. ஸ்ரியறிங் ஆடினால் அனேகமாய் முன்சில்லு, இருக்கிற சீற் ஆடினால் பின்சில்லு.

பலன்ஸ் பாக்கப் போக முதல் சில்லைக் கழுவு. வெளிப்பக்கம் நீ பொலிஷ் போடுறது தெரியும், நான் சொல்லுறது றிம்மின்ரை உள்பக்கம். அங்கை காய்ஞ்சு கிடக்கிற சேத்தோடை கொண்டுபோனால், கடைக்காரன் அந்தச் சேத்துக்குச் சரியாய் ஈயம் ஒட்டிவிடுவான். அடுத்த மழைக்குச் சேறு கழண்டு போகும், ஈயம் நிக்கும், ஆட்டம் திரும்பவும் தொடங்கும். நீ கடைக்காரனைத் திட்டுவாய். மிசினிலை றிம் நடுவாய் இருக்காட்டிலும் நல்ல சில்லுப் பிழையெண்டு காட்டும். ஒருக்காக் கழட்டித் திருப்பிப் பூட்டிச் சுத்தச் சொல்லு. இரண்டு தரமும் கணக்கு ஒண்டாய் வந்தால் நம்பு.

புது ரயரிலை மஞ்சள் புள்ளி கண்டால், அது பாரம் குறைஞ்ச இடம். அதைக் காத்தடிக்கிற வால்வுக்கு நேரை வைச்சுப் பூட்டினால் ஈயம் குறையும். பெரிய பல்லு ரயருக்கு ஈயம் கொஞ்சம் கூடத்தான் கேக்கும். றிம்மைச் சுத்தி ஒட்டியும் காணாதெண்டால், ரயரை றிம்மிலை அரைவட்டம் திருப்பிப் பூட்டிப் பார். அதுக்குப் பிறகும் ஆடினால் பாரத்திலை பிழையில்லை, வட்டத்திலை பிழை. கோணின றிம்முக்கும் வீங்கின விலாவுக்கும் ஈயத்தாலை மருந்தில்லை. மிசின் சைபர் காட்டும், றோட்டு உண்மை சொல்லும்.

போன கிழமை கசூரினா மணலிலை ஓடவெண்டு காத்தை 18 இறாத்தலுக்கு இறக்கினியாம், கெட்டிக்காரன். திருப்பி அடிச்சியோ? முழிக்கிறாய். அப்ப இதையும் கேள். 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட்டிலை அமெரிக்காவிலை ஃபயர்ஸ்ரோன் கொம்பனி 65 இலட்சம் ரயரைத் திருப்பி எடுத்தது. கனக்க ரயர் ஃபோர்ட் எக்ஸ்புளோறர் எண்ட உயர ஜீப்பிலை பூட்டினது. ஓடேக்கை மிதிபட்டி கழண்டு, வண்டி பிரண்டு, கனபேர் செத்தவை. ரயர்க்காரன் ஜீப்பைச் சொன்னான், ஜீப்காரன் ரயரைச் சொன்னான். ஃபோர்ட் எழுதிக் குடுத்த 26 இறாத்தல் காத்துக் காணாது எண்டதும் அந்தச் சண்டையிலை ஒரு பேச்சு. இவ்வளவுக்கும் இரண்டு வீட்டாரும் 1947இலை சம்பந்தம் செய்தவை. நூறு வருசத்துக்குக் கிட்டின யாவாரத்தை ஃபயர்ஸ்ரோன் 2001இலை வேண்டாமெண்டு விட்டுது.

காத்துக் குறைஞ்சால் விலா கூட மடியும். மடிய மடியச் சூடு ஏறும், சூடு ஏற ஒட்டினதெல்லாம் விடும். உன்ரை ஜீப்புக்கு எத்தினை இறாத்தல் எண்டு என்னைக் கேளாதை, ட்றைவர் பக்கக் கதவைத் திறந்தால் நிலையிலை ஒட்டியிருக்கு. கதவைச் சாத்தேக்கை கண்ணாடியிலை தலைமயிரைப் பாத்த நேரத்துக்கு அதை வாசிச்சிருக்கலாம். விடிய, ஓட முதல் அளந்து பார். ஓடிச் சூடானபிறகு அளந்தால் கணக்குக் கூடக் காட்டும்.

வீங்கினதை இண்டைக்கே கழட்டு. சோடியாய் மாத்து. நாலு சில்லும் இழுக்கிற ஜீப்பிலை ஒண்டு புதுசும் மற்றது தேய்ஞ்சதுமாய் ஓடினால், உள்ளுக்குப் பற்சக்கரம் இழுபறிப்படும். அந்தச் செலவோடை பாத்தால் ரயர் விலை சில்லறைக் காசு.

புதுசு பூட்டினவுடனை கல்வளைப் பிள்ளையாரிட்டைப் பூசைக்குக் கொண்டுபோவாய், தெரியும். போ, நல்லது. சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைக்க எப்பிடியும் குனியத்தானே வேணும்? அப்ப ஸ்ரியறிங்கை முழுக்க ஒடிச்சு விட்டிட்டு, உள்பக்க விலாவையும் ஒருக்காப் பாத்துக்கொள். பிள்ளையாருக்கும் கனக்க வேலை கிடக்கு, உன்ரை ரயரையும் அவர்தான் பாக்க வேணுமோ?