ஒரு வியாபாரிக்கு இருபது தாத்தா

வாப்பா பேராண்டி. அடையாறுலேர்ந்து மயிலாப்பூர் வரைக்கும் அந்த ரேடியோவை ஆட்டோவுல மடியிலேயே வச்சுக் கொண்டாந்திருக்கே. உன்னைச் சின்னப் புள்ளையில நான்கூட இவ்வளவு பத்திரமாத் தூக்கினதில்ல. எவ்வளவுன்னே? 18,000 ரூவாயா? பேஷ். அதுல பாதியில உங்க அப்பன் கல்யாணத்தையே முடிச்சவன் நான்.

சரி, ஆன்லைன் ஏலத்துல வித்தவன் எழுதினதை இன்னொரு தரம் படி. “1950ஆம் வருஷத்து வால்வு ரேடியோ. எல்லாம் ஒரிஜினல். அருமையாப் பாடும்.” பாடுதா? சுவிட்சைத் தட்டின உடனே பாடுதா! எஃப்.எம். கூட சுத்தமா எடுக்குதா! அடேயப்பா. நீ என்னமோ புகார் சொல்ல வந்தேன்னு நெனச்சேன், பெருமையில்ல பேசறே.

வால்வு செட்டுன்னா சுவிட்சைப் போட்டுட்டு, வால்வு சூடேறிக் குரல் வர அரை நிமிஷம் காத்துக்கிட்டு இருக்கணும். தட்டின உடனே பாடினா உள்ள வால்வு இல்லன்னு அர்த்தம். மெட்ராஸ்ல எஃப்.எம். ஒலிபரப்பு ஆரம்பிச்சதே 1977 ஜூலை 23ஆம் தேதி. இந்தியாவுக்கே அதான் முதல். ஜெர்மன்காரன் செஞ்ச சில செட்டுல எஃப்.எம். பட்டை முன்னாடியே இருந்துச்சு, அதை விடு. உன் செட்டு டயலைப் பாரு. மீடியம் வேவ், ஷார்ட் வேவ், அவ்வளவுதான். அப்ப எந்த முள்ளை நகர்த்தி நீ எஃப்.எம். புடிச்சே? முள்ளு சும்மா அழகுக்கு நிக்குது பேராண்டி. கேபினெட் மட்டும்தான் 1950. உள்ள இருக்கறது ரிச்சி தெருவுல சில நூறு ரூவாய்க்குக் கிடைக்கிற புளூடூத் போர்டு.

இப்ப அவன் கீழே எழுதியிருக்கானே, அதைப் படி. “எங்க தாத்தா பரண்ல கிடந்தது. எனக்கு ரேடியோ பத்தி ஒண்ணும் தெரியாது. வர்ற விலைக்குக் கொடுக்கறேன்.” உன்னை வாங்க வச்சது ‘ஒரிஜினல்’ இல்லப்பா, இந்த வரிதான். பாவம், விலை தெரியாத பய, நாம தட்டிக்கிட்டு வந்துடலாம்னு நீ நெனச்சே. நீ அப்படி நெனைப்பேன்னு அவன் நெனச்சான். ரெண்டு பேரும் கெட்டிக்காரங்க, அவன் கொஞ்சம் சீக்கிரமா எழுந்திரிச்சவன். அவ்வளவுதான் வித்தியாசம்.

வருத்தப்படாதே, உனக்குக் கூட்டம் பெருசு. பித்தளைக் குழல் தகதகன்னு மின்ன, நாய்ப் படம் ஒட்டின கிராமபோன் ஊருக்கு ஊர் விக்கிறான் பாரு. எங்கேயோ ஒரு பழைய போர்ட்டபிள் பெட்டியைப் பிரிச்சு, மோட்டாரையும் சவுண்ட் பாக்ஸையும் கழட்டி, நேத்து அடிச்ச மரப்பெட்டியில பொருத்தி, புதுக் குழலை மாட்டி விட்டா நூறு வருஷப் பழசு தயார். இந்தியாவுலேர்ந்து போற அந்தப் பெட்டிக்கு வெளிநாட்டுச் சேகரிப்புக்காரங்க கேலிப்பேரே வச்சுட்டாங்க. நாய் எஜமான் குரலைக் கேட்டு உக்காந்திருக்குங்கிறது படத்துக் கதை. இந்தப் பெட்டி முன்னாடி உக்கார வச்சா கடிக்க வரும்.

அதுக்கும் மேல ஒரு கூத்து நடந்துச்சு. பழைய கருப்பு வெள்ளை டி.வி.க்குள்ள, வால்வு ரேடியோவுக்குள்ள சிவப்புப் பாதரசம்னு ஒண்ணு இருக்கு, லட்சம் லட்சமாக் கொட்டிக் கொடுப்பாங்கன்னு நம்ம தமிழ்நாட்டுலயே வதந்தி கிளம்பி, ஜனங்க பரண் பரணா ஏறினாங்க. கண்ணாடியில அதுக்கு நிழல் விழாதாம், பூண்டைக் காட்டினா விலகி ஓடுமாம். அப்படி ஒரு வஸ்துவே உலகத்துல கிடையாது. 2009ல சவுதி அரேபியாவுல இதே கதையைப் பழைய சிங்கர் தையல் மிஷினுக்குச் சொல்லி விலையை ஏத்தி விட்டாங்க. அங்கே மிஷின், இங்கே டி.வி. ஆசை மட்டும் ரெண்டு ஊருலயும் ஒரே கம்பெனித் தயாரிப்பு.

எங்க காலத்துல மாட்டுச் சந்தைக்குப் போனா பல்லைப் புடிச்சுப் பாப்போம், நடக்க விட்டுப் பாப்போம், வாலை முறுக்கிப் பாப்போம். அப்புறம்தான் துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் புடிச்சு விலை பேசுவோம். நீ மாட்டோட முகத்தை மட்டும் போட்டோவுல பாத்துட்டு, துண்டுக்குள்ள முழுக் கையையும் விட்டுட்டே. அவன் போட்ட ஆறு படத்துல ஒண்ணாவது ரேடியோவோட முதுகைக் காட்டுதா? பின் மூடியைக் கழட்டி ஷாசியைப் படம் எடுத்து அனுப்புங்க, சுவிட்ச் போடறதுலேர்ந்து பாடற வரைக்கும் வெட்டாம ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கன்னு கேட்டியா? மூர் மார்க்கெட் இருந்த காலத்துல கடைக்காரன்கிட்ட திருப்பிக் காட்டுய்யான்னு கேக்கறதுக்கு யாரும் கூச்சப்பட்டதில்ல. அது 1985 மே மாசம் எரிஞ்சு போச்சு. கேக்கற பழக்கமும் அதோட எரிஞ்சுடுச்சு போல. ரங்கநாதன் தெருவுல அம்பது ரூவா சீப்பை வளைச்சு வளைச்சுப் பாக்கற பய, 18,000 ரூவாயை மட்டும் கட்டை விரலால தள்ளி விட்டுட்டே.

போகட்டும், ஆக வேண்டியதைப் பாப்போம். வரப்புத் தகராறுல தாலுகா ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடந்தே செருப்பு தேஞ்சவன் சொல்றேன், கேட்டுக்க.

முதல் காரியம், அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வை. உள்ளே எதையும் நோண்டாதே, ரிச்சி தெருவுக்குத் தூக்கிட்டு ஓடாதே. நீ ஒரு ஒயரைத் தொட்டாலும், நல்லா இருந்ததை வாங்கினவன்தான் கெடுத்தான்னு அவன் சொல்லுவான். வந்த டப்பா, மேல ஒட்டின சீட்டு, உள்ள வச்சிருந்த தெர்மோகோல் எல்லாத்தையும் படம் எடு. அடுத்து, அவன் எழுதின பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை. இன்னிக்கே எடு. நீ புகார் கொடுத்த மறுநிமிஷம் ‘வால்வு ரேடியோ’ங்கிறது ‘வால்வு ரேடியோ ஸ்டைல்’னு மாறிடும்.

இப்பச் சட்டத்துக்கு வருவோம். 1930ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் 15ஆம் பிரிவு, விவரம் சொல்லி வித்தா சரக்கு அந்த விவரத்தோட பொருந்தி இருக்கணுங்குது. ஆனா 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் ஒரு கொக்கி போடுது. வித்தவன் தானும் நம்பித் தெரியாமத்தான் தப்பாச் சொன்னான்னா, சாதாரணக் கவனத்துல உண்மையைக் கண்டுபிடிக்கற வசதி உனக்கு இருந்துச்சுன்னா, ஒப்பந்தத்தை ரத்து பண்ணுன்னு நீ கேக்க முடியாது. தெரிஞ்சே பொய் சொல்லியிருந்தா அந்தச் சாக்கு அவனுக்குச் செல்லாது. இப்பப் புரியுதா அவன் ஏன் ‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ன்னு எழுதினான்னு? உனக்கு அது தூண்டில், அவனுக்கு அது கேடயம். ஒரு வரியில ரெண்டு வேலை. வாத்தியார் வீட்டுப் புள்ளையா இருப்பான்.

அந்தக் கேடயத்தை உடைக்கற வழி அந்த வெப்சைட்டுலயே இருக்கு. அவன் வேற என்னென்ன விக்கிறான்னு பாத்தியா? இந்தா, பாரு. “எங்க தாத்தா வச்சிருந்த டேப் ரெக்கார்டர்.” “எங்க தாத்தா பரண்ல கிடந்த கிராமபோன்.” “எங்க தாத்தா ஆசையாக் கேட்ட 1920ஆம் வருஷ மெட்ராஸ் ரேடியோ.” 1920ல அவர் எதைக் கேட்டாரு, காக்கா கத்தறதையா? மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பு ஆரம்பிச்சதே 1924 ஜூலை 31. எண்ணிப் பாரு, மொத்தம் இருபது சாமான், இருபது பரண். ஒரு மனுஷனுக்கு ரெண்டு தாத்தாவுக்கு மேல கடவுள் கொடுக்கல. இவனுக்கு இருபது.

சிரிக்காதே, உன் கேஸே அந்த இருபது தாத்தாதான். 2020ஆம் வருஷத்து மின்வணிக விதிகள், வீட்டுல கிடந்ததை என்னிக்கோ ஒருநாள் விக்கிற தனி ஆளுக்குப் பொருந்தாது. தொழிலா, தொடர்ந்து விக்கிறவனுக்குத்தான் பொருந்தும். அப்படிப்பட்டவன் விளம்பரத்துல சொன்ன தன்மை சரக்குல இல்லன்னா திருப்பி வாங்க மாட்டேன்னு சொல்லக் கூடாது. ஏலத்தை நடத்தற வெப்சைட்டும் நழுவ முடியாது. குறைதீர்ப்பு அதிகாரின்னு ஒருத்தரை வச்சு, புகார் வந்த 48 மணி நேரத்துல வந்து சேர்ந்துச்சுன்னு சொல்லி, ஒரு மாசத்துல தீர்க்கணும். அதனால அந்த இருபதையும் ஸ்க்ரீன்ஷாட் எடு.

இன்னொண்ணு. கடைசி நேரத்துல உன்னோட போட்டி போட்டு 11,000லேர்ந்து 18,000 வரைக்கும் ஏத்தி விட்டானே, அவன் யாரு? வித்தவனே வேற பேருல வந்து விலையை ஏத்தியிருந்தா, அதே 1930 சட்டத்து 64ஆம் பிரிவுல, அந்த விற்பனை வேண்டாம்னு சொல்ல உனக்கு உரிமை உண்டு. நிரூபிக்கறது கஷ்டம். வெப்சைட்டுக்காரன்கிட்ட கேட்டு வைக்கறதுக்குக் காசு கிடையாது.

சரி, நீ யாரு? வாங்கினது ஆசைக்கா, ஆதாயத்துக்கா? லாபத்துக்கு விக்கலாம்னு வாங்கியிருந்தா 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உன்னை நுகர்வோர்னே சேர்த்துக்காது. என்னைப் பாக்காதே, தரையைப் பாத்து யோசிச்சுப் பதில் சொல்லு. ஹால்ல வச்சுப் பாட்டு கேக்கத்தான் வாங்கினியா? நல்லது, நம்பறேன்.

இப்ப அவனுக்கு எழுது. ‘420’, ‘போலீஸ்’, ‘உன்னை விட மாட்டேன்’ எல்லாம் வேணாம். அவன் மானத்தைக் கேக்காதே, உன் பணத்தைக் கேளு. நீ சொன்னது இது, வந்தது இது, இந்தா படம், முழுப் பணமும் திருப்பி அனுப்புற கூலியும் இந்தத் தேதிக்குள்ள வேணும்னு நாலு வரி போதும். அந்த வெப்சைட் வழியாவே எழுது, போன்ல கொஞ்சாதே. “புகாரை முதல்ல வாபஸ் வாங்குங்க சார், பணம் உடனே போட்டுடறேன்”னு சொல்லுவான். ரொம்பப் பணிவாச் சொல்லுவான். பணம் அக்கவுண்ட்ல விழுந்ததுக்கு அப்புறம் நீயும் அதைவிடப் பணிவா வாபஸ் வாங்கு. கிரெடிட் கார்டுல கொடுத்திருந்தா, போன பணத்தைத் திருப்பச் சொல்லி பேங்க்ல சார்ஜ்பேக் கேளு.

அவன் அசையலைன்னா 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போடு. முக்கால்வாசி வழக்குக்காரன் கோர்ட்டைப் பாத்துப் பயப்படறது இல்ல, ரெக்கார்டு ஆவுதுன்னாத்தான் பயப்படுவான். அதுக்கும் மசியலைன்னா இ-ஜாக்ரிதிங்கிற இணையதளத்துல மாவட்ட ஆணையத்துக்கு மனு போடலாம். அவன் எந்த ஊருல இருந்தாலும் நீ குடியிருக்கற ஊருலயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்ல, ரெண்டு வருஷம் வரைக்கும் டயம் உண்டு. டயம் இருக்கேன்னு ரெண்டு வருஷம் ரேடியோ கேட்டுட்டுப் போகாதே.

நடுவுல அவன் இறங்கி வந்து, “ரேடியோவை நீங்களே வச்சுக்குங்க, 14,000 திருப்பித் தர்றேன்”னா முகத்தைச் சுளிக்காம வாங்கிக்க. தேக்குக் கேபினெட் 4,000 ரூவாய்க்கு மோசமில்ல. ஜெயிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்க, நான் மறுக்க மாட்டேன்.

அப்புறம் ஒருநாள் உனக்கே அதை ஏலத்துல போடணும்னு கை அரிக்கும். என்னை ‘பரண் தாத்தா’வா ஆக்கிடாதே. “வெளியே 1950, உள்ளே சீனா போர்டு, முள்ளு நகரும் ஆனா ஒண்ணும் புடிக்காது”ன்னு உள்ளதை எழுது. யாரும் வாங்க மாட்டாங்கன்னு நெனைக்காதே. 1995ல ஆன்லைன் ஏலம் நடத்த ஆரம்பிச்ச பியர் ஒமிடியார்ங்கிற மனுஷன், பின்னாடி ஈபேன்னு பேரு வாங்கின கடையில முதல்முதலா வித்தது ஒரு உடைஞ்ச லேசர் பாயிண்டர். 14 டாலர் 83 சென்ட்டுக்குப் போச்சு. இது உடைஞ்சது, தெரியுமில்லன்னு வாங்கினவன்கிட்டயே கேட்டிருக்காரு. நான் உடைஞ்ச லேசர் பாயிண்டரைத்தான் சேக்கறேன்னானாம். உன்னை மாதிரி ஆளு அமெரிக்காவுலயும் இருக்கான் பேராண்டி. ஆனா அவன் எதை வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கினான்.