மொட்டுக்கு ஒரு வாழ்த்து

ஒரு கட்சியின் ஆதரவாளர்களை அதன் எதிரிகள் மனம் மாற்றுவது பெரிய காரியம் என்பார்கள். அந்தக் காரியத்தை எதிரிகளுக்கு விடாமல் தானே ஏற்று, மூன்று வருடத்துக்குள் ஏறக்குறைய முழுதாகவே முடித்துக் காட்டிய கட்சி ஸ்ரீலங்கா பொதுஜன பெரமுன. நாங்கள் மொட்டு என்று சொல்லும் கட்சி. அதற்கு வாக்களிக்காத வடக்கிலிருந்து அதை வாழ்த்தி எழுதுகிறேன். வாழ்த்த வேண்டிய கடன் எங்களுக்கு உண்டு.

2016 நவம்பரில் பதிந்த கட்சி, 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் நாட்டின் பெரும்பாலான சபைகளில் முதலிடத்துக்கு வந்தது. 2019 நவம்பர் 16 அன்று நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அதன் வேட்பாளர் கோட்டாபய ராஜபக்ச 69,24,255 வாக்குகள் பெற்றார்; நூற்றுக்கு 52.25. வடக்கும் கிழக்கும் திரண்டு எதிராக வாக்களித்தும் அந்த வெற்றியில் ஒரு கீறல் விழவில்லை. அநுராதபுரத்தில் ருவன்வெலிசாய தூபிக்கு முன்னால் பதவியேற்ற ஜனாதிபதி, தன்னை அங்கே நிறுத்தியது சிங்கள மக்களின் வாக்கு என்பதை ஒளிக்காமல் சொன்னார். யாருடைய ஜனாதிபதி என்பதில் எங்களுக்கு மயக்கம் வராமல் பார்த்துக்கொண்ட அந்தத் தெளிவு பாராட்டுக்குரியது.

அந்த வாக்குகளுக்குப் பின்னால் இருந்த அன்பும் உண்மையானது. தேர்தல் முடிந்த வாரங்களில் தென்னிலங்கை ஊர்களின் மதில்களில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஓவியம் வரைந்தார்கள். பழைய மன்னர்கள், குளங்கள், வயல்கள், போர் வீரர்கள். தங்கள் நாடு ஒழுங்காகப் போகிறது என்று அந்தப் பிள்ளைகள் நம்பினார்கள். தேர்தல் நாளில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்து ஏழு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த நம்பிக்கையைக் கட்சி எப்படிப் பேணியது என்பதுதான் என் வாழ்த்தின் பொருள்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில் அது சுணங்கவில்லை. வரியைக் குறைப்போம் என்றது. பதவிக்கு வந்த சில நாட்களிலேயே, 2019 டிசம்பரில், பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கியது. திறைசேரிக்கு வராமல்போகும் பணத்தை எங்கிருந்து ஈடுசெய்வது என்ற கேள்வியால் அதன் வேகம் குறையவில்லை. 2020 ஓகஸ்ட் பாராளுமன்றத் தேர்தலில் 145 ஆசனங்கள் வந்தன. ஒக்ரோபரில் அரசியலமைப்பின் 20 ஆவது திருத்தம் வந்து, அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தது. இனி யாரும் குறுக்கே நின்றார்கள் என்று பழி சொல்ல வழியில்லை. தன் செயலுக்கான பொறுப்பு முழுவதையும் இப்படி முன்கூட்டியே தன் தலையில் எடுத்துக்கொண்ட ஆட்சி இலங்கையில் குறைவு.

பசளை விசயத்தில் அது காட்டிய வேகம் உலக விவசாய வரலாற்றில் இடம்பிடித்தது. நெல்லுக்குப் பசளை இலவசம் என்று தேர்தலில் சொல்லியிருந்தார்கள். பத்து வருடத்தில் நாட்டைச் சேதனப் பசளைக்கு மாற்றுவோம் என்றும் 'சுபீட்சத்தின் நோக்கு' என்ற தேர்தல் விஞ்ஞாபனம் சொன்னது. பத்து வருட வேலையை 2021 மே 6 அன்று ஒரே வர்த்தமானி அறிவித்தலால் செய்துவிட்டார்கள். இரசாயனப் பசளையும் பூச்சிமருந்தும் இறக்குமதி செய்யத் தடை. விவசாய விஞ்ஞானிகள் விளைச்சல் விழும் என்றார்கள். கமக்காரர்கள் கால அவகாசம் கேட்டார்கள். நாட்டில் அவ்வளவு கூட்டெரு இல்லை. இருந்ததிலும் நெற்பயிர் கேட்கும் தழைச்சத்தின் அளவு குறைவு. இரண்டு போகங்களில் செய்து பார்க்க வேண்டிய சோதனையை முழு நாட்டின் வயலிலும் செய்வதற்கு எவ்வளவு தன்னம்பிக்கை வேண்டும்! அநுராதபுரத்திலும் பொலநறுவையிலும் மொட்டுக்கு வாக்களித்த கமக்காரர்கள் வீதிக்கு வந்து விவசாய அமைச்சரின் கொடும்பாவியை எரித்தார்கள். நவம்பரில் தடையை விலக்கினார்கள். பெரும்போக விதைப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பசளை போடவேண்டிய காலத்தில் கடையில் பசளை இல்லை. அறுவடை கடுமையாகச் சரிந்தது. அரிசி வாங்கத் தேவையில்லாத நாடு அரிசிக் கப்பலுக்காகக் காத்திருந்தது. சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலில் தீங்கான பக்டீரியா இருப்பதாக நம் பரிசோதனைகூடம் சொன்னதால் அதை இறக்கவில்லை. ஆனாலும் ஏறத்தாழ 70 லட்சம் டொலரைக் கட்டினார்கள். கடன்பட்டவனுக்கும் கொடுத்த சொல் முக்கியம் என்ற உறுதி அதில் தெரிந்தது.

இங்கேதான் எங்கள் கடன் வருகிறது. 1990களில் வன்னிக்கு யூரியா போகத் தடை. குண்டு செய்வார்கள் என்பது காரணம். பெற்றோல், பற்றரி, மெழுகுதிரி, எல்லாவற்றுக்கும் தடையோ கட்டுப்பாடோ இருந்தது. யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயும் திரியும் வைத்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். பசளை இல்லாத வயல் எப்படி மஞ்சளாகும் என்று நாங்கள் சொன்னபோது தெற்கில் அதைப் புலிகளின் பிரசாரம் என்றார்கள். முப்பது வருடமாக எங்களால் விளக்க முடியாததை இந்தக் கட்சி ஒரே போகத்தில், தன் சொந்த வாக்காளருக்கு, அவர்களுடைய வயலிலேயே விளங்கவைத்தது. எந்தத் தமிழ்க் கட்சிக்கும் இந்தத் திறமை இருந்ததில்லை.

அடுத்தது வரிசை. சமையல் எரிவாயுவுக்கு, பால்மாவுக்கு, டீசலுக்கு, மண்ணெண்ணெய்க்கு. இலங்கையில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சமமாக நிற்க ஓரிடம் வேண்டும் என்று எத்தனையோ ஆணைக்குழுக்கள் எழுதிவைத்தன. 2022 இல் அந்த இடம் எரிபொருள் நிலையத்தின் வாசலில் கிடைத்தது. வெயிலில் நின்ற முதியவர்கள் சிலர் வரிசையிலேயே உயிரைவிட்டார்கள். கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகள் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்டன. மார்ச் 31 அன்று மின்வெட்டு 13 மணித்தியாலம். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியில் பணவீக்கம் 69.8 வீதம். முன்னே 69 லட்சம் வாக்கு, பின்னே 69 வீத விலையேற்றம். இரண்டையும் தந்தது ஒரே மொட்டு.

மே 9 இல் நடந்ததைப் புகழ என்னால் முடியாது. அலரி மாளிகையில் கூடிய கட்சிக்காரர்கள் காலிமுகத்திடலில் அமைதியாகப் போராடிக்கொண்டிருந்தவர்களை அடித்தார்கள். அன்று மாலை பதில் அடி வந்தது. வீடுகள் எரிந்தன, பொலநறுவைப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரை நிட்டம்புவையில் கொன்றார்கள். அடித்த இரண்டு பக்கத்திலும் 2019 இல் ஒரே புள்ளடி போட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஒரு கட்சி தன் மக்களை இவ்வளவு தூரம் கொண்டுவரக் கூடாது.

ஜூலை 13 அன்று ஜனாதிபதி மாலைதீவுக்குப் போனார். அடுத்த நாள் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதம் அனுப்பினார். கட்சியின் கொள்கை உறுதி அதற்குப் பிறகுதான் முழுதாக வெளிப்பட்டது. ரணில் விக்கிரமசிங்கவின் ஆட்சி வேண்டாம் என்று ஊர் ஊராகச் சொல்லித்தான் மொட்டு வாக்குக் கேட்டது. மக்களும் 2020 இல் அவருடைய ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனம் மட்டும் கொடுத்தார்கள். அந்த ஒற்றை ஆசனக்காரரை ஜூலை 20 அன்று 134 வாக்குகளால் ஜனாதிபதி ஆக்கியது பாராளுமன்றம். அந்த வாக்குகளில் பெரும்பகுதி மொட்டு உறுப்பினர்களுடையது. வாக்காளர் விரட்டிய ஆளை வாக்காளரின் பெயராலேயே அழைத்துவந்து இருத்திய பெருந்தன்மை அது. 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நின்றுபோனது. கோபத்தைக் காட்டவும் மக்களுக்கு ஒரு வாக்குச்சீட்டு இல்லை. அதற்கும் பொறுத்திருந்தார்கள்.

2023 நவம்பர் 14 அன்று நாட்டின் அதியுயர் நீதிமன்றம், ராஜபக்ச சகோதரர்கள் உட்பட அதிகாரத்தில் இருந்தவர்கள் பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பு என்றும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றும் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் சொல்ல முன்பே சந்தையில் மரக்கறி வாங்கப் போனவர்கள் தீர்ப்பை எழுதிவிட்டார்கள். 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் மொட்டு வேட்பாளர் நாமல் ராஜபக்சவுக்குக் கிடைத்தது 3,42,781 வாக்கு, 2.57 வீதம். ஐந்து வருடத்தில் இருபதில் ஒரு பங்கு. நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் 145 ஆசனம் 3 ஆனது. ஒரு காலத்தில் மதிலில் ஓவியம் வரைந்த பிள்ளைகளில் கொஞ்சப் பேர் இன்று வெளிநாட்டில் வேலை செய்கிறார்கள். கடவுச்சீட்டுக்கும் வரிசையில் நின்றவர்கள் அவர்கள்.

யாழ்ப்பாணத்தில், கொழும்பில், புலம்பெயர்ந்த ஊர்களில் இருக்கிற தமிழருக்கு ஒரு வார்த்தை. "நீயும் அந்த 69 லட்சத்தில் ஒருத்தனா" என்று கேட்டுச் சிரிப்பது இன்னும் ஓயவில்லை. கேட்காதீர்கள். நீங்கள் கேட்பது நெல் மஞ்சளாகிப்போன ஒரு கமக்காரரிடம். தான் நம்பிய கட்சி தன்னைக் கைவிட்டதை அவர் கணக்குப் பார்த்து, வாக்குச்சீட்டால் சரிசெய்துவிட்டார். 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3, தமிழ்க் கட்சி அல்லாத தேசிய மக்கள் சக்திக்குப் போனது. பரம்பரையாக எங்கள் வாக்கைத் தங்களுடையது என்று நினைத்திருந்த தமிழ்க் கட்சிகளும் அன்றைக்கு அதே கணக்கைப் பார்த்தன.