டோக்கனைத் திருப்பிக் குடுலே

ஏலே தம்பி, ஒரு சங்கதி கேக்கேன். உன் புரோகிராம்ல மொத்தம் எத்தனை சாமானுக்கு நம்பர் போடணும்? 40? சரி, 200-ன்னே வச்சுக்குவோம். அதுக்குப் போயி 128 பிட்டுல யூயூஐடி! 36 எழுத்து நீளம், நடுவுல நாலு கோடு வேற. ஒண்ண வாசிச்சு முடிக்கதுக்குள்ள டீ ஆறிப்போவுது. கேட்டா, "தாத்தா, உலகத்துல வேற எங்கயும் இந்த நம்பர் வராது"ங்க. வரட்டுமேலே! உன் 200 சாமானும் ஒரே மெஷினுக்குள்ளதான கெடக்கு? அண்டார்டிகாவுல எவனோ அதே நம்பரை வச்சிருந்தா உனக்கு என்ன கொறஞ்சுபோச்சு? ஒண்ணையொண்ணு பாக்காத நூறு மெஷின் தனித்தனியா நம்பர் போடணும்னா அது வேணும், இல்லங்கல. உனக்கு என்னத்துக்கு? மலையைக் கெல்லி எலி பிடிச்சுட்டு, அதுக்கு "ஸ்கேல்"னு ஒரு பேரு.

பெருசு வாய்க்கு வந்ததப் பேசுதுன்னு நெனைக்காத. கறுப்புத் திரை முன்னாடி உக்காந்து தலை நரைச்சவன் சொல்லுதேன். லினக்ஸ் கெர்னலப் பாரு. அங்க ஒரு ப்ராசஸ் பொறந்தா ஒரு பிஐடி குடுக்கணும். எம்புட்டு நம்பர் வச்சிருந்தான்? ரொம்ப காலத்துக்கு 32768-தான் வழக்கமான எல்லை. பழைய யூனிக்ஸ்ல இந்த நம்பரை 16 பிட்டுல வச்சிருந்தாங்க. கூட்டல் கழித்தல் குறிக்கு ஒரு பிட் போச்சுன்னா மிச்சத்துல 32767 வரைக்கும்தான் எண்ண முடியும். பழைய புரோகிராம் தடுமாறக் கூடாதேன்னு லினக்ஸும் அதையே பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

இதுல ஒரு நேர்த்தி இருக்கு, கவனி. எந்த நம்பர் காலி, எதுல ஆள் இருக்குன்னு குறிச்சு வைக்க, நம்பருக்கு ஒரு பிட் போதும். 32768 பிட்டுன்னா 4096 பைட். மெமரில ஒத்தப் பக்கம்! மெஷின்ல யாரு யாரு உயிரோட இருக்காங்கன்னு ஒரே பக்கத்துல கணக்கு முடிஞ்சுபோச்சு. இப்ப 64 பிட் மெஷின்ல 4194304 வரைக்கும் ஏத்திக்கலாம். 2019-ல வந்த சிஸ்டம்டி 243 கேக்காமலே ஏத்தியும் வச்சிருது. ஏழு இலக்கத்துல பிஐடி வந்ததும் நீ மீசைய முறுக்குத. உள்ள ஓடுதது என்னமோ அதே சில நூறு ப்ராசஸ்தான்.

சரி, நம்பர் குடுக்கது பெரிய சோலியா? ஒரு கவுண்டர் வை, பிளஸ் பிளஸ் போடு. கோட்டிக்காரப் பயகூடச் செய்வான். டிரைவர் எழுதுனவங்க பாதிப்பேரு அப்பிடித்தான் செஞ்சாங்க. குடுத்துக்கிட்டே போறது. வாங்குற பேச்சே கெடையாது. திரும்ப வாங்குததுலதான் வெவரம் இருக்கு தம்பி. அதுக்குத்தான் கெர்னல்ல ஐடிஆர், ஐடிஏன்னு ரெண்டு பொதுச் சரக்கு வச்சிருக்கான். நம்பர் மட்டும் வேணுமா, ஐடிஏ. நம்பரைச் சொன்னா ஆளைக் காட்டணுமா, ஐடிஆர். பிஐடிக்கு இருந்த அந்தப் பழைய பிட் கணக்கைக்கூட கெர்னல் 4.15-ல ஐடிஆருக்கு மாத்திட்டாங்க.

அப்பவும் நம்ம பயலுவ சும்மா இருப்பானுவளா? டிவைஸைக் கழட்டும்போது நம்பரை முதல்ல விட்டுட்டு, பேரை சிஸ்ஃபெஸ்லேருந்து பொறவு எடுக்கான். அந்த இடைவெளியில இன்னொரு டிவைஸ் வந்து அதே நம்பரை வாங்கிருது. "கேனாட் க்ரியேட் டூப்ளிகேட் ஃபைல்நேம்"னு கெர்னல் கூப்பாடு போடுது. ஆளைப் பூராவும் வெளிய அனுப்பிட்டு நம்பரை விட்டா ஆவாதா? வரும்போதும் இதே கதைதான். ஆள் இன்னும் முழுசா உருவாகல, அதுக்குள்ள நம்பரைப் பதிஞ்சுட்டா, எவனாவது தேடி வந்து அரைகுறை ஆளைப் பிடிச்சுருவான். பிஐடி குடுக்குற எடத்துல இதுக்கு என்ன செய்யுதான் தெரியுமா? முதல்ல நம்பருக்கு நேரா வெறும் நல்லைப் போட்டு இடத்தப் பிடிக்கான். எல்லாம் தயாரான பொறவுதான் ஆளை அங்க வைக்கான். இதுக்கு எந்த மாநாட்டுலயும் யாரும் கை தட்டுனது இல்ல. ஆனா வேலை ஓடுது.

எந்த நம்பரைக் குடுக்கதுங்குறதுலயும் ஒரே மெஷினுக்குள்ள ரெண்டு வழக்கம் இருக்கு. ஃபைலைத் தொறந்தா, காலியா இருக்கதுல சின்ன நம்பரைத்தான் குடுக்கணும். போஸிக்ஸ் சட்டம். அந்தக் காலத்து ஷெல்லு இதை நம்பியே பொழைச்சுது. 1-ஐ மூடு, உடனே ஒரு ஃபைலைத் தொற. அதுக்கு 1 கெடைச்சுரும். திரைக்குப் போவேண்டியது பூராவும் ஃபைலுக்குள்ள போயிரும். எம்புட்டு சுளுவு! ஆனா எர்ரர் போற 2-ஐ மூடி வச்சுட்டு ஒரு புரோகிராமை ஓட்டுனா? அது தொறக்குற ஃபைல் 2-ஆம் நம்பர்ல வந்து உக்காந்துரும். பொறவு அது பொலம்புற எர்ரர் அம்புட்டும் உன் ஃபைலுக்குள்ளயே எழுதும். பாஸ்வேர்டு ஃபைலா இருந்தா நெனச்சுப் பாரு. அதான், ரூட் அதிகாரத்தோட ஓடுற புரோகிராமுக்கு முதல் மூணு நம்பரும் மூடிக் கெடந்தா, டெவ் நல்லைத் தொறந்து அடைச்சு விடுதாங்க.

பிஐடிக்கு வழக்கம் வேற. அங்க சின்ன நம்பரைத் தேடாது. மேல மேல போயி, எல்லையத் தொட்டுட்டுத்தான் திரும்பும். திரும்பும்போதும் 1-லேருந்து இல்ல, 300-லேருந்து. என்னத்துக்கு இந்தச் சுத்து? இப்பத்தான் செத்தவன் நம்பரை இப்பவே இன்னொருத்தனுக்குக் குடுத்தா ஆள் மாறாட்டம் வரும். கொஞ்சம் ஆறட்டும்னு விடுதான். ஓபன்பிஎஸ்டிக்காரன் ஒரு படி மேல. அடுத்த நம்பரை எவனும் கணிக்கக் கூடாதுன்னு குலுக்கிப் போட்டுக் குடுக்கான்.

ஆறப்போட்டா மட்டும் போதுமா? எங்க ஊர் தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டுல தகர டோக்கன் குடுப்பான். ஒண்ணு ஹேண்டில்பார்ல தொங்கும், ஒண்ணு உன் கையில. ஒருத்தன் 47-ஐத் திருப்பிக் குடுக்காம சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான்னு வை. ஸ்டாண்டுக்காரன் புதுசா ஒரு 47 அடிச்சு வேற வண்டியில மாட்டிருவான். அடுத்த வாரம் இவன் வந்து பழைய 47-ஐ நீட்டுதான். வண்டி கெடைக்கும். ஆனா யாரு வண்டி?

உன் பிஐடி ஃபைலும் அதேதான். சர்வீஸ் கெளம்புன உடனே தன் நம்பரை ஒரு ஃபைல்ல எழுதி வைக்குது. 4821-ன்னு வையேன். ராத்திரி சர்வீஸ் செத்துப்போச்சு. ஃபைல் சாவுமா? அது சிரஞ்சீவி. நம்பர் ஒரு சுத்து சுத்தி வந்து, 4821 இப்ப பேக்கப் எடுத்துக்கிட்டு இருக்க ப்ராசஸுக்குப் போயிருச்சு. காலையில உன் ஸ்கிரிப்ட் ஃபைலைத் தொறக்குது, நம்பரை வாசிக்குது, கில் மைனஸ் 9. முடிஞ்சுது சோலி. "இல்ல தாத்தா, பிஎஸ் போட்டு க்ரெப் பண்ணிப் பாத்துட்டுத்தான் கொல்லுவேன்"ங்க. க்ரெப்பு பல நேரம் தன்னையே பிடிச்சுக் குடுக்கும், அது வேற கூத்து. பாத்ததுக்கும் அடிச்சதுக்கும் நடுவுல ஆள் மாறுனா என்ன செய்வ?

நம்பரை நம்பிக் கொல்லுததுக்கு ஒருத்தருக்குத்தான் பாத்தியதை. பெத்தவங்களுக்கு. பிள்ளை செத்தாலும், அப்பன் வெயிட் போட்டு வாங்குற வரைக்கும் அந்த நம்பரை வேற யாருக்கும் கெர்னல் குடுக்காது. அதுக்குப் பேருதான் ஜோம்பி. நீ பிஎஸ்ல "டிஃபங்க்ட்"னு பாத்ததும் பேயக் கண்டவன் மாதிரி கில் மைனஸ் 9 போடுதியே, ஒரு தடவை பத்தாதுன்னு மறுபடியும் போடுதியே, செத்த பாம்ப அடிக்கதுல என்னலே வீரம்? ஓடுத புரோகிராம் அதுகிட்ட இல்ல, பிடிச்சு வச்ச மெமரியும் இல்ல. ஒரு நம்பரும், என்ன சொல்லிட்டுச் செத்துதுங்குற குறிப்பும்தான் மிச்சம். அது டோக்கனைக் கையில வச்சுக்கிட்டு அப்பனுக்காகக் காத்து நிக்குது. திட்டணும்னா வெயிட் போடாத அப்பனைத் திட்டு.

மத்தவங்களுக்கு வழி பொறக்க எம்புட்டு காலம் ஆச்சு தெரியுமா? யூனிக்ஸ் 1969-ல பொறந்துது. லினக்ஸ்ல பிஐடிஎஃப்டி வந்தது 2019-ல. ஃப்ரீபிஎஸ்டிக்காரன் 9-ஆம் பதிப்புலயே பிடிஃபோர்க்னு ஒண்ணு வச்சிருந்தான், அவனைத்தான் யாரும் கண்டுக்கல. சங்கதி என்னன்னா, நம்பரைப் பிடிக்காத, ஆளைப் பிடி. ப்ராசஸையே ஒரு ஃபைல் மாதிரி தொறந்து கையில வச்சுக்கோ. அது செத்து, நம்பர் வேற ஆளுக்குப் போனாலும் உன் கைப்பிடி புது ஆளக் காட்டாது. சிக்னல் அனுப்புனா, "அப்பிடி யாரும் இல்ல"ம்பான். அம்புட்டுதான். அந்தக் கைப்பிடிக்கும் ஒரு நம்பர்தான், அதையும் ஒழுங்கா மூடணும். மூடுவியா நீ?

இதுக்கு நடுவுல கன்டெய்னர்க்காரன் வேற. 2008-லேருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி நம்பர் வரிசை வச்சுக்கலாம்னு ஆயிருச்சு. உடனே எல்லாப் பயலும் உள்ளுக்குள்ள 1-ஆம் நம்பர்! வெளிய வந்து பாத்தா 81734. 1-னு பேரு வாங்குனா போதுமா? அநாதையாப் போற ப்ராசஸுக்கெல்லாம் அவன்தான் அப்பன், சாவுக்கு அவன்தான் வெயிட் போடணும். உன் வெப் அப்ளிகேஷனுக்கு இந்த வேலை தெரியுமா? தெரியாது. ஹேண்ட்லர் எழுதலேன்னா உள்ளேருந்து வர்ற டெர்ம் சிக்னலும், டாக்கர் ஸ்டாப் வெளியேருந்து அனுப்புற டெர்மும் அதுக்கு ஒறைக்காது. ஸ்டாப் போட்டுட்டுப் பத்து விநாடி வாயப் பொளந்து உக்காந்திருக்கியே, காரணம் இதுவாவும் இருக்கும்.

இன்னொண்ணு கேளு. ஃபோர்க் போட்டா பிள்ளையோட நம்பர் வரும். தோத்துப்போனா -1 வரும். அதைச் சரிபாக்கணும்னு புஸ்தகத்துல முதல் பாடமே இருக்கு. நம்மாளு பாக்கலை. -1-ஐ நம்பர்னு நெனச்சுப் பத்திரமா ஒரு வேரியபிள்ல வச்சுக்கிட்டான். ராத்திரி பன்னெண்டு மணிக்கு, ரூட்டா இருந்துக்கிட்டு, அந்த "பிள்ளையை"க் கொல்லச் சொல்லி கில் போடுதான். கில்லுக்கு -1-ன்னா தன் அதிகாரத்துக்குள்ள இருக்க அம்புட்டுப் பேரும்னு அர்த்தம்லே. டேட்டாபேஸ் போச்சு, வெப் சர்வர் போச்சு, எட்டிப் பாத்து என்னன்னு கேக்க இருந்த எஸ்எஸ்ஹெச்சும் போச்சு. மிஞ்சுனது 1-ஆம் நம்பரு, கெர்னலோட சொந்த ஆளுங்க, பொறவு இந்தக் கூத்தை ஆரம்பிச்ச புரோகிராம். லினக்ஸ்ல கில் -1 போட்டவனை மட்டும் தொடாது.