48 கேபி ஜமீன்தார்

பரனூரில் மகேந்திரா வேர்ல்டு சிட்டியும் சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்களும் வந்த பிறகு, செங்கல்பட்டுப் பக்கம் இந்த ரகம் பெருகிவிட்டது. ஐம்பதை நெருங்கும் சாப்ட்வேர் கன்சல்டன்ட். "உங்க சிஸ்டம் ரொம்பப் பழசு, தூக்கிப் போட்டுட்டு கிளவுடுக்கு வாங்க" என்று வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் பகலெல்லாம் உபதேசம். அதற்கு டாலரில் பில். சனிக்கிழமையானால், யாரோ அப்படித் தூக்கிப் போட்டதை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கிக் கொண்டு வருவார்.

காயலான் கடைக்காரரின் நம்பர் மனைவியின் போனில் தயாராக இருக்கிறது. அவரும் ஒருநாள் வந்து பார்த்தார். பேரீச்சம்பழத்துக்குக்கூடத் தேறாது என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

சொத்தில் முதலிடம் ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸுக்கு. இங்கிலாந்தின் சிங்க்ளேர் தயாரிப்பு. 1986-ல் டெசிபெல்ஸ் நிறுவனம் லைசென்ஸ் வாங்கி இந்தியாவில் விற்றது. மெமரி 48 கேபி. பெரியப்பா தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்க ரோஜா அதற்குள் அடங்காது. அடுத்து பிபிசி மைக்ரோ. 1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் மத்திய அரசு பள்ளிகளுக்குக் கொடுத்த மாடல். கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஏசிக் குளிரில் கைகட்டி நின்று தரிசித்த தலைமுறை இவருடையது. அன்று தொட விடாத ஆத்திரம்தான் இன்று ஸ்க்ரூ டிரைவரோடு அலைகிறது என்பது என் கணிப்பு.

மாமல்லபுரம் பக்கம் கடலைப் பார்த்தாற்போல் ஒரு வில்லா வாங்கலாம் என்று மனைவி ஆசைப்பட்டார். "உப்புக் காத்துல கனெக்டரெல்லாம் பச்சை பூத்துடும்" என்று ஒரே வார்த்தையில் கதை முடிந்தது. ஆனால் செங்கல்பட்டு வெயில் அவருக்கு வரப்பிரசாதம். பழைய பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைத் தடவி, பாலிதீன் சுற்றி வெயிலில் வைத்தால் வெளுக்கும். தலைமுடியை வெளுக்க வைக்கும் அந்த கிரீம் பியூட்டி பார்லர் சாமான் கடையில்தான் கிடைக்கும். கடைப் பெண் இவருடைய வழுக்கையை ஒருமுறை பார்ப்பாள். எதுவும் கேட்காமல் பில் போடுவாள். மொட்டை மாடியில் ஒரு பக்கம் வடாம், மறுபக்கம் கீபோர்டு மூடி. குச்சியோடு உட்கார்ந்திருக்கும் மாமியார் இரண்டுக்கும் சேர்த்துத்தான் காவல். காக்காய் என்னவோ இதுவரை வடாமில்தான் வாய் வைத்திருக்கிறது.

பரிதாபத்துக்குரியவர்கள், கடற்கரைக் கோயில் பார்க்க வரும் உறவினர்கள். காபி குடித்ததும் கிளம்பலாம் என்றிருப்பார்கள். "அஞ்சே நிமிஷம் சித்தப்பா" என்று ஸ்பெக்ட்ரமோடு இணைத்த டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போடுவார். திரை ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓட, காதைக் கிழிக்கும் கீச்சொலியோடு கேம் ஏறத் தொடங்கும். சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசி நொடியில் கீச்சொலி நிற்கும். 'டேப் லோடிங் எரர்' என்று திரையில் ஒரு வரி.

"ஏங்க, ஆறு மணிக்கு அங்க கேட்டைச் சாத்திடுவாங்க!" சமையலறையிலிருந்து மனைவி.

அவர் கேசட்டை ரீவைண்ட் செய்துகொண்டே பூரித்துப் போவார்: "பாத்தீங்களா சித்தப்பா, என்ன தப்புன்னு எவ்வளவு தெளிவா சொல்லுது! இப்ப வர்ற எந்த சாப்ட்வேர் இப்படிச் சொல்லும்?"