புயலுக்குப் பெயர் உண்டு, வெள்ளத்துக்கு இல்லை

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர் மாவட்டத்தில் சும்மா இருப்பவர் யாருமில்லை. அத்தனை பேரும் வானிலை ஆய்வாளர்கள். திருப்பாதிரிப்புலியூர் டீக்கடையில் மாஸ்டர் ஒரு டீ ஆற்றி முடிப்பதற்குள், அந்தமான் பக்கம் உருவான தாழ்வுப் பகுதியை நாலு பேர் சேர்ந்து தாழ்வு மண்டலமாக்கி, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக்கி, புயலாக்கிக் கரையேற்றியும் விடுவார்கள். எங்கே ஏற்றுவது என்பதில்தான் தகராறு. தேவனாம்பட்டினத்துக்காரர் பரங்கிப்பேட்டையில் ஏற்றுவார். பரங்கிப்பேட்டைக்காரர் புதுச்சேரிக்குத் தள்ளிவிடுவார். அவரவர் கூரையை விட்டுவிட்டுப் புயல் எங்கு வேண்டுமானாலும் கரையைக் கடந்துகொள்ளலாம்.

டி.வி.யில் எங்கள் ஊர்ப் பெயர் அடிபடுவதும் ஐப்பசி தொடங்கி மூன்று மாதம்தான். சில்வர் பீச்சில் மழைக்கோட்டு போட்ட நிருபர் மைக்கை இறுக்கிப் பிடித்தபடி, "நிற்கவே முடியவில்லை" என்று கத்துவார். அவருக்குப் பின்னால் ஒருவர் நிதானமாகச் சுண்டல் பொட்டலம் மடித்துக்கொண்டிருப்பார்.

அடுத்து துறைமுகத்தில் கூண்டு ஏறும். புயல் எச்சரிக்கைக் கூண்டு மொத்தம் 11 வகை. ஒன்று என்றால் புயல் தூரத்தில். மூன்று வந்தால் மீனவர்கள் படகை இழுத்துக் கட்டுவார்கள். பத்து என்றால் பேராபத்து. இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்தது பதினொன்றுதான். வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோய்விட்டது என்பது அதன் பொருள். மற்ற பத்தும் காற்றைப் பற்றிச் சொல்கின்றன. இது ஒன்றுதான் எங்கள் செல்போன் டவரைப் பற்றிச் சொல்கிறது.

பிள்ளைகளின் கவலை வேறு: லீவு உண்டா இல்லையா. வானிலை மையத்தில் ரமணன் இருந்தவரை அவர் முகம் டி.வி.யில் தெரிந்தாலே வீட்டில் விசில் பறக்கும். 2016-ல் அவர் ஓய்வு பெற்றார். இப்போது பாடப்புத்தகத்தை எட்டிப் பார்க்காத பிள்ளைகூட விடிகாலையில் எழுந்து கலெக்டரின் அறிவிப்பை வரி விடாமல் படிக்கிறது. லீவு மாவட்டம் முழுவதற்கும் என்பதால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. சிதம்பரத்திலிருந்து என் மைத்துனன் கூப்பிடுவான்.

"மாமா, அங்க மழை எப்படி?"

"ஊத்துதுடா. வாசல்லயே இறங்க முடியல."

"இங்க சுள்ளுனு வெயிலடிக்குது. லீவு விட்டுட்டாங்க. இந்த ரெண்டு வாலுங்களையும் வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

அவன் வயிற்றெரிச்சலோ என்னவோ, 2020-ல் கணக்கு நேராகிவிட்டது. நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. நாங்கள் விடிய விடியக் கண்விழித்துக் காத்திருந்தோம். அடுத்த வாரமே புரெவி வந்தது. அது இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ராமநாதபுரம் கடலோரத்தில், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், வலுவிழந்து நின்ற இடத்திலேயே நின்றது. நின்றுகொண்டே சிதம்பரத்தில் ஒரே நாளில் 34 சென்டிமீட்டர் கொட்டியது. நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் தேங்கியது. அன்றைக்கு மைத்துனன் வெயிலைப் பற்றிப் பேசவில்லை.

2016-ல் வந்த நாடா புயல் நேர்மாறு. எங்கள் தெருவே மெழுகுவத்தி, பிஸ்கட், ரஸ்க் என்று வாங்கிக் குவித்தது. புயலோ கரைக்கு வருமுன்பே சோர்ந்து போனது. மானம் கருதிப் பொங்கல் வரை ரஸ்க் தின்றோம்.

ஆனால் தானே புயலை வைத்து இங்கே யாரும் கேலி பேசுவதில்லை. 2011 டிசம்பர் 30 காலை, மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. தாத்தா வைத்துப் பேரன் பறிக்கும் மரங்கள் அவை. இன்றும் கல்யாணம் எந்த வருஷம் என்று கேட்டால், "தானே அடிச்சதுக்கு அடுத்த தையில" என்று பதில் சொல்பவர்கள் உண்டு.

காற்றாவது பெயர் வைத்துக்கொண்டு, தேதி சொல்லிவிட்டு வருகிறது. தண்ணீருக்கு அந்த நாகரிகம் கிடையாது. 2015 நவம்பர் 9-ல் வந்தது புயல் என்ற பட்டம்கூடக் கிடைக்காத வெறும் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் பெய்து மாவட்டத்தையே மூழ்கடித்தது. 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குச் சவூதி அரேபியா பெயர் வைத்தது. நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையேறியது. மழை விட்டது என்று நாங்கள் துணி காயப்போட்டோம். டிசம்பர் 2 விடிகாலை திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்தார்கள். தென்பெண்ணை நேராக எங்கள் தெருக்களுக்குள் நுழைந்தது. மழை எங்கோ, முழங்கால் தண்ணீர் எங்களுக்கு. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று வரிசையாக எல்லாம் கடலுக்குப் போகும் வழி எங்கள் மாவட்டமே. மேட்டில் இருப்பவர்கள் ஆறு என்கிறார்கள், நாங்கள் வடிகால் என்கிறோம்.

அதனால்தான், "மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன்" என்று இங்கே யாரையும் திட்ட முடியாது. நிவாரண முகாம் பள்ளிக்கூடத்தில்தான். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒதுங்கியிருக்கிறார்கள், பாய் தலையணையோடு.

ஆகவே அடுத்த புயல் வரும்போது அதன் பெயர் என்ன, எந்த நாடு வைத்தது என்று ஆராயாதீர்கள். சாத்தனூரில் எத்தனை கன அடி திறந்தார்கள், 47.5 அடி கொள்ளும் வீராணம் ஏரி எத்தனை அடியில் நிற்கிறது என்று விசாரியுங்கள். பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும் பத்திரத்தையும் ரேஷன் கார்டையும் மேல்தட்டுக்கு மாற்றுங்கள். ரஸ்க்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.