மனை விற்க வந்த ரயில்

லாஸ் ஏஞ்சலிஸில் கார் இல்லாமல் பஸ்ஸுக்கு நிற்பவரை, உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதுபோல்தான் பார்ப்பார்கள். இதே ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு காலத்தில் 1,000 மைலுக்கு மேல் மின்சார ரயில் தண்டவாளம் இருந்தது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்!

காரணகர்த்தா, ஹென்றி ஹன்டிங்டன். இவருடைய சித்தப்பா காலிஸ், ரயில்வே கோடீஸ்வரர். 1900-ல் அவர் கண்ணை மூட, சொத்தில் ஒரு பெரிய பங்கு ஹென்றிக்கு வந்தது. இன்னொன்று சித்தி அரபெல்லாவுக்குப் போனது. அதனாலென்ன? 1913-ல் ஹென்றி அந்தச் சித்தியையே கல்யாணம் செய்துகொண்டார். (பதறாதீர்கள், இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது!)

1901-ல் ஹென்றி ஆரம்பித்த கம்பெனி பசிபிக் எலெக்ட்ரிக். பளபளக்கும் சிவப்புப் பெட்டிகள். ‘ரெட் கார்’ என்று ஊரே கொஞ்சியது. ஆகா, என்ன மக்கள் சேவை என்று கைதட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். ஆளில்லாத கடற்கரைக்கு முதலில் தண்டவாளம் போகும். பின்னாலேயே ஹென்றியின் ரியல் எஸ்டேட் ஆட்கள் போவார்கள். ‘பஸ் ஸ்டாண்டுக்கு ஐந்தே நிமிடம்’ என்று பிளாட் விற்பவர்களைப் பார்த்திருக்கிறோம். பஸ் ஸ்டாண்டையே கையோடு கொண்டுவந்து விற்றவர் இவர்! ரயிலில் விட்டதை மண்ணில் எடுத்தார். 1910-ல் ரெட் கார் பங்கை விற்றுவிட்டு, அபூர்வப் புத்தகங்களும் ஓவியங்களும் வாங்கக் கிளம்பிவிட்டார்.

ரயிலை நம்பி மனை வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? வீடு கட்டினார்கள். வாசலில் இடம் இருந்தது. கார் வாங்கி நிறுத்தினார்கள்.

ஊருக்குள் ரெட் கார் தெருவோடு தெருவாகத்தான் ஓடியது. கார்கள் மறிக்க, ரயில் லேட். ரயில் லேட் என்று பயணிகள் கார் வாங்க, ரயில் இன்னும் லேட். 1920-ல் நகரசபைக்குத் திடீர் ஞானோதயம்: டவுன்டவுனில் பகலில் பார்க்கிங் கிடையாது! வியாபாரிகள் அலறினார்கள். கிளாரா கிம்பல் யங் என்ற சினிமா நட்சத்திரம் கார் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினார். ஆமாம், நெரிசலைக் குறைக்கும் சட்டத்தை எதிர்த்து, நெரிசலாலேயே ஒரு போராட்டம்! சில வாரங்களில் சபை இறங்கி வந்தது.

‘ரயிலைக் கொன்றது ஜெனரல் மோட்டார்ஸ்தான்’ என்று இன்றும் பலர் சத்தியம் செய்வார்கள். வில்லன் இல்லாமல் நமக்குப் படம் ஓடாதே! வழக்கு நடந்தது நிஜம். டிராம் கம்பெனிகளை வளைத்துப்போட்ட நேஷனல் சிட்டி லைன்ஸுக்கு பஸ்ஸும் டயரும் விற்பதில் ஏகபோகச் சதி என்று 1949-ல் தீர்ப்பும் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் உட்படக் கம்பெனிகளுக்குத் தலா 5,000 டாலர் அபராதம்; அதிகாரிகளுக்குத் தலைக்கு 1 டாலர். இன்றைய பார்க்கிங் கட்டணம்கூட அதைவிட அதிகம்! ஆனால், லாஸ் ஏஞ்சலிஸில் நேஷனல் சிட்டி லைன்ஸ் வாங்கியது உள்ளூர் மஞ்சள் டிராமை. சிவப்பு ரயிலை அல்ல. அது ஏற்கெனவே டிராஃபிக்கில் சிக்கி இழுத்துக்கொண்டிருந்தது.

1961 ஏப்ரலில் லாங் பீச்சுக்குப் போன கடைசி ரெட் காரும் நின்றது. 1963-ல் ஆல்வெக் கம்பெனி, ‘எங்கள் செலவில் மோனோ ரயில் கட்டித் தருகிறோம், டிக்கெட் வசூலில் எடுத்துக்கொள்கிறோம்’ என்று வந்து நின்றது. வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். கொதித்துப்போனவர் எழுத்தாளர் ரே பிராட்பரி. கதைகளில் மனிதர்களைச் செவ்வாய்க்கு அனுப்பிய அவர், வாழ்நாளில் கார் ஓட்டியதே இல்லை!

1990-ல் லாங் பீச்சுக்கு மறுபடி ரயில் விட்டார்கள். பெரும்பாலும் அதே பழைய பாதையில், 80 கோடி டாலருக்கு மேல் கொட்டி. இன்று அதன் பெயர் ஏ லைன். நீங்கள் போனால் அவசியம் ஏறுங்கள். டவுன்டவுன் பக்கம் தெருவில் ஓடும்போது மட்டும் பொறுமை வேண்டும். சிவப்பு சிக்னல் விழுந்தால் ரயில் நிற்கும்; கார்கள் போகும்.